இரண்டாம் கட்டம்

டிசம்பர் கடைசி வாரம், காலை ஐந்தே முக்கால்.
ஷார்ஜாவின் விளிம்பில் ஒரு ரவுண்டானா.
பனிமூட்டம் முகப்பு விளக்குகளை
மஞ்சள் கூழாகக் கரைத்து வைத்திருக்கிறது.
என் கையில் எண்ணும் கருவி, மடியில் படிவம்.
கார், பிக்கப், பேருந்து, லாரி.
நான்கு பொத்தான்கள். அதற்கு மேல் உலகம் இல்லை.

அலுவலகப் பூங்கா என்று பெயர்.
பூ என்று பார்த்தால் வாசலில் பெட்டூனியா,
அதுவும் வாடுமுன்னே வேரோடு மாறிவிடும்.
ஆறு கட்டடம் நிற்கிறது, இன்னும் ஒன்பது வருமாம்.
வந்தால் சாலை தாங்குமா என்று
எண்ணிச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

க்ளிக்.
ஒரு காருக்குள் ஒருவர்.
க்ளிக்.
அடுத்ததிலும் ஒருவர், கண்ணாடி பார்த்து மை தீட்டுகிறார்.
அதற்கடுத்ததில் ஒருவர், ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி
ஸ்பீக்கரில் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறார்.

பிறகு வெள்ளைப் பேருந்து.
அறுபது தலைகள் ஜன்னலில் சாய்ந்து தூங்குகின்றன.
கையேட்டின்படி பேருந்து ஒன்று, கார் மூன்றுக்குச் சமம்.
மூன்று என்று எழுதினேன்.

ஓட்டுநர் சேசுராஜ் கண்ணாடியை இறக்கினார்.
"லீவுன்னு இன்னிக்கு ரோடு சும்மா கெடக்கு மேடம்.
போன வாரம் இந்த அரை கிலோமீட்டருக்கு முக்கா மணி நேரம்.
ரெண்டாம் கட்டம் கட்டுற ஆளுகளையும்
நான்தான் ஏத்திட்டு வரணும்.
அவங்களச் சேத்தாச்சா?"
அது தனிப் பின்னிணைப்பு என்றேன்.
பேருந்து போய்விட்டது, பதிலுக்குக் காத்திராமல்.

எட்டரைக்குப் பனி விலக, வேலிக்கு அப்பால் மணல்மேடு.
அதன் மேல், பதினேழு என்று தகரம் அறைந்த மரம்.
இங்கே காஃப் என்பார்கள்.
நம் வன்னி.
ஆயுதங்களை மூட்டைகட்டி ஒளித்துவிட்டு
பேர் மாற்றிக்கொண்டு ஐந்து பேர்
வேலைக்குப் போனார்களே, அந்த வன்னி.
இன்று கிளையில் தொங்குபவை
ஹெல்மெட் ஏழு, சாப்பாட்டுப் பை இரண்டு,
கிழிந்த மழைக்கோட்டு ஒன்று.
அடியில் குல்சமான், முதல் ஆர்டர் வரும்வரை
பைக் மேலேயே மல்லாந்திருக்கிறான்.
பைக்குக்குப் பொத்தான் இல்லை.

போன மழையில்
தண்ணீருக்குத் தன் பழைய வழி ஞாபகம் வந்து
அடித்தள பார்க்கிங்கில் இறங்கியது.
நான்கு நாள் மோட்டார் வைத்து இறைத்து
பக்கத்து மனையில் விட்டார்கள்.
பக்கத்து மனைதான் இரண்டாம் கட்டம்.

அக்டோபரில் ஒருமுறை எண்ணிவிட்டேன்.
"கடுமையான பாதிப்பு" என்று எழுதியும் கொடுத்தேன்.
நதீம் சார் கோபப்படவில்லை. காபி வரவழைத்தார்.
கடுமை பெரிய சொல், என்றார். மிதம் போடலாமே.
ரவுண்டானாவை சிக்னலாக்குவோம், ஒரு லேன் கூட்டுவோம்,
மரத்தை இடம் மாற்றுவோம்.
எங்கே?
வரைபடத்தில் ஒரு பச்சை வட்டத்தைத் தொட்டார்.
தண்ணீர் தேடி அத்தனை ஆழம் போன வேரை
எந்த வண்டியில் ஏற்றுவது என்று கேட்க நினைத்தேன்.
லாரிக்குப் பொத்தான் உண்டு.

"இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள்," என்றார்,
"பள்ளி விடுமுறை வாரமாகப் பார்த்து."

விசா புதுப்பிக்கும் மாதம். மிதம் என்றே வரும்.
எண்கள் பொய் சொல்லவில்லை,
நாளைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஒன்பதே காலுக்குப் படிவத்தை மூடி
காரைத் திருப்பி ரவுண்டானாவில் நுழைந்தேன்.
விடுமுறையிலும் முன்னால் நாற்பது சிவப்பு விளக்குகள்.
நகரவில்லை. ஏசியைக் கூட்டினேன்.
கருவி மடியிலேயே கிடந்தது.

க்ளிக்.
ஒரு காருக்குள் ஒருவர்.